ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பன்னிரண்டு பேர்

ஜூன் 3, திங்கள்

காலை ஒன்பதரை மணிக்குச் சக்கரவர்த்தி சிதம்பரநாதன் தமது அரியணையில் அமர்ந்தார். அரியணைக்கு இடது கை கிடையாது; போன வருடம் உடைந்தது. ராஜ்யத்தின் எல்லைகள்: கிழக்கே ஜன்னல், திறக்கக் கூடாது, மேற்கே கதவு, இரண்டு பூட்டு, நடுவே ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. இந்த ஏ.சி.யின் குளிரைக் கேள்விப்பட்டு இமயமலையிலிருந்து இரண்டு முனிவர்கள் தவம் செய்ய வந்து, தாங்க முடியாமல் திரும்பிப் போனதாகப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சைக் கிளப்பியது நான்தான்.

பிரஜைகளுக்கும் குறைவில்லை. சென்சஸில் வீடு வீடாகப் போய் எழுதி வந்ததில் நூறு வீட்டுக்கு ஒரு வீடாகப் பொறுக்கி, பெயரை அழித்து, கதவு எண்ணை அழித்து, ஊரை அழித்து, இந்தக் கம்ப்யூட்டர்களுக்குள் குடிவைத்திருக்கிறார்கள். வயசு தெரியும். படிப்பு தெரியும். வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து, வேலைக்கு எதில் போகிறார்கள், எல்லாம் தெரியும். யார் என்று மட்டும் தெரியாது. ஆராய்ச்சி செய்கிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் இங்கே வந்து உட்கார்ந்து எண்ணிக்கொள்ளலாம். செல்போன் வெளியே பெட்டியில். பென் டிரைவோடு நுழைந்தால் கழுவேற்றம். வெளியே போகக்கூடியது எண்ணி எடுத்த அட்டவணை மட்டும். அதுவும் என் மேஜையைத் தாண்டி, என் முத்திரை வாங்கிக்கொண்டு.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் விடக் கூடாது. ஆள் குறைந்தால் அடையாளம் தெரிந்துவிடும். ஒற்றையாக யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது தாத்பரியம்.

சென்சஸ் ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு இந்த முடியைச் சூட்டினார்கள். நாலு மாதமாக ஒரு ஆள் வரவில்லை. பெருக்க வந்த ஆவுடையம்மாள் விளக்குமாற்றோடு வாசலில் நின்று கேட்டாள்.

“ஆளே வராத ரூமுக்கு என்னத்துக்கு சார் ரெண்டு பூட்டு?”

“உள்ள லட்சக்கணக்குல ஜனம் இருக்கு ஆவுடை.”

“அப்ப அவங்களையே பெருக்கிக்கிடச் சொல்லுங்க.”

போய்விட்டாள். நானே பெருக்கினேன். சக்கரவர்த்திகள் பெருக்குவது உண்டு, கல்வெட்டில்தான் வராது.

ஜூன் 5, புதன்

யாரும் வரவில்லை. ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது.

ஜூன் 8, சனி

மனைவி கோமதி புனேயிலிருந்து போன் செய்தாள். மகள் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் போனவள். அந்தக் குழந்தை இப்போது பை தூக்கிப் பள்ளிக்கூடம் போகிறது. அடுத்தது தவழ்கிறது.

“இன்னைக்கு எத்தன பேரு வந்தாங்க அத்தான்?”

“கூட்டம் தாங்கல. ஜப்பான்லேர்ந்து ரெண்டு பேரு. சப்பணம் போட்டு உக்காந்துட்டான், எந்திரிக்க மாட்டேங்கான்.”

“என்ன குடுத்திய அவங்களுக்கு?”

“சொதி. இஞ்சித் துவையல்.”

அவள் சிரித்தாள். என்னமோ சொல்ல வந்தாள். பின்னாலிருந்து “ஆச்சி” என்று ஒரு சத்தம். புனேயிலிருந்து இங்கே வரும் ரயிலையே நிறுத்தக்கூடிய சத்தம். போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

ஆள் வந்தது. எழுதும்போது பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. ஏ.சி.யால்.

பெயர் பியூலா ராஜகனி. உடன்குடி. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். இந்தப் பல்கலைக்கழகத்திலேயே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செவ்வாயும் வியாழனும் அவளுக்கு வகுப்பு கிடையாது, அன்றைக்குத்தான் வர முடியுமாம். பதினொரு மணிக்கு வாசலில் வந்து நின்றாள்.

“சார், சென்சஸ் டேட்டா ரூம் இதுதானா? கீழ கேட்டா அப்படி ஒண்ணு இங்க கெடையவே கெடையாதுன்னுட்டாங்க.”

“ரகசிய அரண்மனைம்மா. அப்படித்தான் சொல்லணும்னு உத்தரவு.”

சிரிக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்த முகம். செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கையெழுத்துப் போட்டு, உள்ளே வந்து துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“என்னத்தப் பத்தி ஆராய்ச்சி?”

“வேலைக்குப் போற பொம்பளைங்க சார். தினம் எவ்வளவு தூரம் போறாங்க, எதுல போறாங்க, வீட்டுல சின்னப் பிள்ள இருந்தா அந்தத் தூரம் கொறையுதா கொறையலையான்னு.”

“நீங்க எவ்வளவு தூரம் வாறிய?”

“நான் டேட்டா இல்ல சார்.”

எனக்கு இவளைப் பிடித்துவிட்டது.

நிலவரம் இது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை தவணை நீட்டித்தாயிற்று. இந்த முறை தவறினால் பதிவு ரத்து, ஏழு வருட உழைப்பு தண்ணீரில். மற்ற எல்லாம் எழுதிவிட்டாளாம்; இந்த ஒரு அத்தியாயம்தான் பாக்கி. அதற்கு என் பிரஜைகள் வேண்டும்.

“கவலைப்படாதிய. இதுவரைக்கும் நூத்தி எட்டு டாக்டரை உருவாக்கின ரூம் இது.”

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு முந்தைய கையெழுத்து ஜனவரி மாதத்தில் இருந்தது. பார்த்துவிட்டாள்.

ஜூன் 13, வியாழன்

முதல் அட்டவணை கொண்டுவந்தாள். ஒரு கட்டத்தில் மூன்று பேர், இன்னொன்றில் ஏழு பேர். திருப்பி அனுப்பினேன். மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்காமல் தென்மாவட்டங்களைச் சேர்த்து எண்ணச் சொன்னேன். பிறகு அவளை உட்காரவைத்து ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு அட்டவணையில் நாற்பது என்று விடுகிறோம், அடுத்ததில் முப்பத்தேழு என்று விடுகிறோம். இரண்டும் சட்டப்படி சரி. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூன்று பேர் நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பார்கள்.

“இத யாருமே எங்களுக்குச் சொல்லித் தரல சார்.”

“உலகத்துல தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. இன்னொருத்தர் போய்ச் சேர்ந்துட்டாரு.”

இன்றைக்குச் சிரித்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

உளுந்து வறுத்தேன். எள்ளு வாங்கினேன். எவர்சில்வர் கடையில் ஒரு டிபன் கேரியர் பார்த்தேன், நாலு அடுக்கு, அழகாக இருந்தது, வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இருந்தால் என்ன.

ஜூன் 18, செவ்வாய்

உள்ளே சாப்பிடக் கூடாது. வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள். நான் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்.

“யாரு சார் வச்சது?”

“அரண்மனைச் சமையல்காரன். பதினாறு பேரு. இது அதுல ஒருத்தன் வச்சது.”

“அவன் உப்பக் கொஞ்சம் கொறைக்கணும்.”

“தலைய வாங்கிருவோம்.”

பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் ஆல்வினுக்குத் தூத்துக்குடியில் வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஒரு பெண் குழந்தை, ஜெனி, நாலு வயசு, பகலெல்லாம் மாமியாரிடம். நானும் ராஜ்ய விவகாரங்கள் சொன்னேன். மணி இரண்டரை ஆகிவிட்டது. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று ஓடினாள். வேலை அவ்வளவாக நடக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேரோட்டம். உள்ளூர் விடுமுறை. தேரை இன்று பெரும்பாலும் நான்தான் இழுத்தேன். மற்ற ஆயிரக்கணக்கான பேர் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு வந்தார்கள். நாலு ரதவீதியும் தலை. மோர் கொடுத்தார்கள், பானகம் கொடுத்தார்கள். தெரிந்த முகம் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒருவர் “நல்லாருக்கியளா” என்று கேட்டார். நின்று பதில் சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரைக் கேட்டிருக்கிறார்.

ஜூன் 25, செவ்வாய்

பியூலா இன்று ஒரு மணி வரைக்கும் தலை நிமிரவில்லை. பிறகு நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, “சார், இங்க வாங்க” என்றாள். ஆறு கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மட்டும் உயிர் வந்த மாதிரி இருந்தது.

எல்லோரும் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், குழந்தை சின்னதாக இருந்தால் பெண்கள் பக்கத்து வேலையாகப் பார்த்துக்கொள்வார்கள், தூரம் குறைந்துகொண்டே வரும் என்று. இவள் எடுத்த அட்டவணையிலும் அப்படித்தான் குறைந்துகொண்டு வருகிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். வீட்டில் ஆறு வயசுக்குள் குழந்தை, வேலை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், போவது பஸ்ஸில். பன்னிரண்டு பேருமே பட்டதாரிகள்.

“படிச்ச படிப்புக்குப் பக்கத்துல வேல கெடைக்காதவங்க சார். விடவும் முடியாதவங்க. இந்தப் பன்னெண்டு பேருதான் என் தீஸிஸே.”

“பதிமூணாவது ஆளு உடன்குடியில இருக்காளே.”

“நான் டேட்டா இல்லன்னு சொன்னேன்ல சார்.” ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம். “இது பாஸ் ஆயிருச்சுன்னா வேல முடிஞ்சுது. அடுத்த வாரம் வர வேண்டாம்.”

பரிசீலித்து வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 26, புதன்

பரிசீலித்தேன். பன்னிரண்டு என்பது பத்தைவிடப் பெரியது. எனக்கும் கணக்குத் தெரியும்.

சுவரில் இருந்த விதிமுறைப் பலகையில் ஒரே தூசி. கழற்றித் துடைத்து பீரோவுக்குள் வைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

“பன்னெண்டு போறாதும்மா. பதினஞ்சு வேணும்.”

“பத்துன்னுதானே சார் சொன்னிய?”

“அது பொதுவா. இது பொம்பளப் பிள்ளைங்க, தனியா பஸ்ஸுல போறவங்க. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்லா.”

அவள் சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் மிகவும் கம்பீரமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் மேற்கொண்டு கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தாள்.

சட்டத்தைக் கடுமையாக்குவதில் தப்பு இல்லை. தளர்த்தினால்தான் தப்பு. அந்தப் பன்னிரண்டு பேருக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.

மதியம் கூட்டாஞ்சோறு. உப்பு அளவாக இருந்தது. அவள் பாதிதான் சாப்பிட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

வேறு வழியில் எடுத்துப் பார்த்தாள். படிப்பைச் சேர்த்தாள், வயசைச் சேர்த்தாள். எங்கே சுற்றினாலும் அந்தக் கட்டத்தில் பன்னிரண்டுதான். இருப்பதே அவ்வளவுதான். மற்ற அட்டவணைகளைப் பார்த்தேன். ஒன்றில் தலைப்பு இடதுபுறம் தள்ளியிருந்தது, திருத்தச் சொன்னேன். இன்னொன்றில் தசம புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம். ஒன்று போதும் என்றேன். “போன வாரம் ரெண்டு வேணும்னிய சார்” என்றாள். போன வாரம் வேறு காலநிலை என்றேன்.

நகைச்சுவைக்கு இன்று ஊரில் தட்டுப்பாடு.

ஜூலை 4, வியாழன்

அவள் வரவில்லை.

டிபன் கேரியரை ஆவுடையம்மாளிடம் கொடுத்தேன். திறந்து பார்த்தாள்.

“ரெண்டு ஆளு சோறு இருக்கே சார். யாருக்கு வச்சிய?”

“எனக்குத்தான். சக்கரவர்த்தி வயிறு.”

“அப்ப நீங்க ஏன் சாப்பிடாம எனக்குக் குடுக்கிய?”

“பெருக்கப் போ ஆவுடை.”

ஜூலை 9, செவ்வாய்

பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தாள். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றுபோய், அடுத்த பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்றிருக்கிறாள். வந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அது எழுந்திருப்பதற்குள் மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

நான் எழுப்பவில்லை. ஏ.சி.யைக் குறைத்தேன். அறையில் இன்னொரு ஆள் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்துக்கும் ஒரு வரி போடலாம் என்று நினைத்தேன். கட்டக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மூன்றரைக்கு அவளாகவே விழித்து மணியைப் பார்த்தாள். “ஏன் சார் எழுப்பல” என்று கேட்ட குரலில் அழுகை இருந்த மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இன்றும் ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நேற்று பியூலா வந்தாள், அட்டவணையில் நட்சத்திரக் குறி போடச் சொன்னேன், போட்டாள், போனாள். பேச்சு அவ்வளவுதான்.

இன்று கோமதி.

“தீவாளிக்கு வரலாமான்னு பாக்கேன் அத்தான். சின்னதுக்கு அப்ப ஒரு வயசு ஆயிரும்.”

“அவசரமே இல்ல. இங்க எனக்கு எங்க நேரம்? ஜெர்மனிக்காரன் பத்துப் பேரு வரிசையில நிக்கான்.”

“அப்படியா.”

“ஆமா. வந்தாலும் ஒன்கூடப் பேச முடியாது.”

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம், “சரி, அப்ப பொங்கலுக்குப் பாப்போம்” என்றாள்.

இவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறவனுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

வரவில்லை. காற்று பலமாக அடிக்கிறது. பூட்டிய ஜன்னல் தானாகக் கடகடக்கிறது.

ஜூலை 18, வியாழன்

வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“கைடு போன் பண்ணினாங்க சார். அந்தக் கட்டம் வராதுன்னா விட்டுரு, இருபது கிலோமீட்டருக்கு மேலன்னு எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் குடு, பாஸ் ஆனாப் போதும்னாங்க. பைண்டிங்குக்கே ஒரு வாரம் ஆகுமாம். சேத்துத் தாரேன். இன்னைக்கே பாத்துருவியளா?”

“பன்னெண்டு பேரு?”

“பரவாயில்ல சார்.”

அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள். இருபது கிலோமீட்டருக்கு மேல்: இருநூற்றுப் பதினாலு பேர். தலைப்பு நடுவில் இருக்கிறது. தசமம் ஒரு இலக்கம். நட்சத்திரக் குறி இருக்கிறது. குறை சொல்ல ஒரு மயிரிழை இடம் இல்லை. செவ்வாய்க்கிழமை முத்திரை போட்டுத் தருகிறேன் என்றேன். இன்றே போட்டிருக்கலாம். முத்திரை மேஜையில்தான் இருந்தது.

அவள் வராந்தாவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் நடைபாதை இவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மதுரை வரைக்கும் போகிறது.

ஜூலை 20, சனி

விடுமுறையாக இருந்தும் வந்து திறந்தேன். அவளுடைய புதிய அட்டவணையை வைத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடினேன். தெரியவில்லை. இருநூற்றுப் பதினாலு பேர் கூட்டத்தில் போய் நின்றுகொண்டுவிட்டார்கள். இனி அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் காலையில் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மகா பத்திரம். இவ்வளவு பத்திரத்தை அவர்கள் யாரும் கேட்கவில்லை.

வேலை பார்த்த காலத்தில் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு வீட்டையும் விட்டுவிடாதீர்கள், கோயில் வாசலில் படுத்திருப்பவனையும் எழுப்பிக் கேட்டு எழுதுங்கள் என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஒன்றும் சமைக்கவில்லை. ரொட்டி.

ஜூலை 22, திங்கள்

பலகையைத் திரும்ப மாட்டினேன். ஆணியில் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

பத்தரைக்கே வந்துவிட்டாள். நான் அவளிடம் காகிதத்தைக் கொடுத்தேன். முத்திரை, கையெழுத்து, தேதி. நின்றபடியே பார்த்தாள். புரட்டினாள். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

“இது ஜூன் மாசம் குடுத்ததுல்லா சார்? அம்பதுக்கு மேல பன்னெண்டுன்னு இருக்கு.”

“ஆமா.”

“பதினஞ்சு வேணும்னிய.”

“தளர்த்திட்டாங்க. மேலிடத்துல.”

“எந்த மேலிடத்துல?”

நான் மேலே பார்த்தேன். அங்கே ஏ.சி. இருந்தது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பலகையில் பத்து என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதியிருக்கிறது. அதைப் படித்தாள். நாலு சொல்தான் அந்த வரியில். ரொம்ப நேரம் படித்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சத்தம் போடவில்லை.

“வீட்டுக்குப் போனா ஏழரை ஆயிருது சார். பிள்ள ஆச்சி மடியில தூங்கிருது. முழிச்சிருந்தாலும் எங்கிட்ட வர மாட்டேங்கா. வெளியூர்க்காரிய பாக்க மாதிரிப் பாக்கா.”

மேஜையில் கிடந்த முத்திரையை நான் நேராக நிமிர்த்தி வைத்தேன்.

“வெளையாட்டுன்னு நெனைச்சியளா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு சார்?”

வாய்க்குள் ஜப்பான்காரன், ஜெர்மனிக்காரன், பதினாறு சமையல்காரன் எல்லோரும் தயாராக நின்றார்கள். ஒருத்தனும் வெளியே வரவில்லை.

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு காகிதத்தை மடிக்காமல் கோப்பில் வைத்தாள். பதிவேட்டில் வெளியேறும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்து செல்போனை எடுத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்.

ஒன்றே ஒன்று. இருநூற்றுப் பதினாலு பேர் அட்டவணையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 25, வியாழன்

யாரும் வரவில்லை.

ஜூலை 29, திங்கள்

யாரும் வரவில்லை. ஏ.சி. ரிப்பேர். இதுவரை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அது போட்ட சத்தத்தைத்தான் நான் இத்தனை நாளும் துணை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 31, புதன்

முத்திரை மை தீர்ந்துவிட்டது. நிர்வாகக் கட்டடத்தில் வாங்கிக்கொண்டு வரலாம் என்று போனேன். மை வாங்கும் இடம் தரைத்தளம். ஆய்வேடு வாங்கும் பிரிவு முதல் மாடி. தவறி முதல் மாடிக்குப் போய்விட்டேன். யாருக்கும் நேரக்கூடியதுதான்.

வரிசையில் பத்துப் பதினைந்து பேர். பியூலா நாலாவதாக நின்றாள். அட்டை போட்ட பிரதிகள் கையில். நீலம், எழுத்து தங்க நிறம். பக்கத்தில் சட்டைக்குள் பனியன் நனைய ஒரு ஆள், ஆல்வினாகத்தான் இருக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலும் இரண்டு பையும் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கால்சட்டையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. ரெட்டை ஜடை. ஒன்று அவிழ்ந்துவிட்டது.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை.

பிரதிகளை வாங்கி, பக்கம் புரட்டி, ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஏழு வருடத்துக்கு இவ்வளவு சின்னச் சீட்டு. அதை இரண்டு கையாலும் வாங்கித் திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

ஓடியிருக்கலாம். நான் அந்தக் காலத்தில் பாளையங்கோட்டை மைதானத்தில் குதிரையை முந்தியவன். கால் வரவில்லை.

கிட்டே வந்தாள். கோபமா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. குழந்தையை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“ஜெனி, இது யாரு தெரியுமா? இவங்கதான் அந்தத் தாத்தா. அம்மாவ வீட்டுக்கு விடாத தாத்தா.”

ஆல்வின் பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நானே எத்தனையோ பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பொருந்திய ஒன்று கிடைத்ததில்லை.

குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. நிதானமாக, அட்டவணையைப் பரிசீலிப்பது மாதிரி. அதன் அம்மாவின் கண்.

“ஏன் விடல?”

குனிந்தேன். முழங்கால் ஒரு சத்தம் போட்டது.

“தாத்தாவுக்குப் பேச ஆளு இல்லம்மா. அதான்.”

சொல்லிவிட்டேன். இவ்வளவு எளிதாக வந்துவிட்டது, சாவி கேட்கவில்லை, முத்திரை கேட்கவில்லை. நிமிர்ந்து பியூலாவைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவளுடைய செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வார் ஒன்றில் தைத்த நூல் தெரிந்தது.

குழந்தை யோசித்தது. அவிழ்ந்த ஜடையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தது. பிறகு சொன்னது:

“டி.வி. பாரு.”

ஆல்வின் “ஏய்” என்றார். பியூலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரித்தாளா என்று தெரியவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரோம் சார்” என்றாள். குழந்தையின் கையைப் பிடிக்கப் போனாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவின் விரலில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள்.

நான் தரைத்தளத்துக்கு வந்து மை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து டி.வி. போட்டேன். ஏதோ சமையல் நிகழ்ச்சி. நாலு பேருக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.